ஊசிக்கு முன் ஒரு கேள்வி

கும்மிடிப்பூண்டி
11.2.2007

அன்புள்ள அண்ணன் அசன் முகைதீனுக்கு, ரமீஸாவின் ஸலாம்.

நம் ஜி.என்.டி. ரோடு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு வைக்கிறார்கள். அதில் என் பெயரும் இருக்கிறது. வாப்பா படுத்திருந்த வார்டின் நர்ஸ் பிரின்சி நேற்று வீட்டுக்கே வந்து சொன்னார். இன்று காலை நானே போய் நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு வந்தேன்.

நானும் தம்பி ரிஜ்வானும் சுகம். உம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. ஷார்ஜாவில் குளிர் விட்டதா? உங்கள் இருமல் நின்றதா?

குழுவில் வாப்பாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். போன ரம்ஜானில் வாப்பா காலில் புண்ணோடு அங்கே இருந்தார்கள். காலையில் சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். பிறகு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம் என்று வார்டிலிருந்த குடும்பத்தாரை எல்லாம் வெளியே அனுப்பி, கிரில் கேட்டைப் பூட்டினார்கள். உம்மா கம்பி வழியாகப் பார்த்து, வாப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது என்று வாட்ச்மேன் கோபாலிடம் சொன்னார்கள். "டாக்டரு ரவுண்ட்ஸ் போய்க்கினு இருக்காரும்மா, அப்பால வா" என்றார் அவர். டாக்டர் வாப்பாவின் கட்டிலுக்கு வருவதற்குள் சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிட்டது. பிழைத்தார்கள். ஆனால் பேச்சு இன்றும் நின்று நின்றுதான் வருகிறது. முந்தாநாள் என்னை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இதைப் போனில் பேச முடியாது. வெள்ளிக்கிழமை போன் வாப்பாவுடையது. ரிஜ்வானின் செல்லை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்த் தனியாகத்தான் உங்களோடு பேசுகிறார்கள்.

இன்னொரு ரம்ஜான் வருவதற்குள் அந்த கேட் திறக்க வேண்டும். அதற்காகத்தான் போகலாம் என்று நினைக்கிறேன்.

துஆவை எதிர்பார்க்கும் தங்கை,
ரமீஸா

✦

ஷார்ஜா
26.2.2007

தங்கை ரமீஸாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

இருமல் நின்றுவிட்டது. கிடங்கில் வேலை அதிகம், மற்றபடி குறை இல்லை. உம்மாவுக்கு மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நீ போக வேண்டாம். உன்னை உட்கார வைத்து, டீ கொடுத்து, போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் மாட்டுவார்கள். பாதிக்கப்பட்ட குடும்பமே எங்களோடு இருக்கிறது என்று நாலு பேருக்குக் காட்டுவார்கள். வயிற்றில் ஒன்றுமில்லாத மனிதருக்கு ஊசி போட்டது யார் என்று கேட்டாயா? முதலில் அதற்குப் பதில் வரட்டும்.

நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

வாப்பாவை வெயிலில் விடாதே.

அண்ணன்,
அசன் முகைதீன்

✦

கும்மிடிப்பூண்டி
18.3.2007

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். எல்லோரும் நலமே. வாப்பாவின் புண் ஆறி வருகிறது என்று நேற்று கட்டு மாற்றிய நர்ஸ் சொன்னார்.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போட்டோ எடுக்கவில்லை. டீ கொடுத்தார்கள்.

குழுவில் ஆஸ்பத்திரி ஆட்களைத் தவிர வெளியார் மூன்று பேர். ரோலிங் மில்லில் இரண்டு விரலை இழந்து வார்டில் கிடந்த சாம்சன். பெரியபாளையத்துக் குப்பம்மாள், அவர் கணவர் சிறுநீரகக் கோளாறுக்கு அங்கே வந்து போகிறவர். மூன்றாவது நான். மேனேஜர் முதலில் ஓர் அட்டையைக் காட்டி, வார்டு சுவருக்கு எந்தக் கலர் நல்லது என்று கேட்டார். சாம்சன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்த கேக்கத்துக்கா சார் ஷிப்ட்ட வுட்டுட்டு வந்தேன்? செவுரு எந்தக் கலர்ல இருந்தா இன்னா, நாங்க மேல ஃபேனத்தான பாத்துக்குனு படுத்திருந்தோம்?"

பெரிய டாக்டரே சிரித்துவிட்டார். அப்புறம்தான் பேச்சு வந்தது. குப்பம்மாள் சொன்னார்: "புரிஞ்சிதாம்மான்னு டாக்டரு கேப்பாரு. ஆங், ஆங்னு தலையாட்டிடுவோம். வெளிய வந்து, இன்னா சொன்னாருன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவோம்."

நான் கேட்டைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. கூட்டம் சேர்ந்தால் கிருமி பரவும், பக்கத்துக் கட்டில்காரரின் நோயை எல்லோரும் கேட்பார்கள், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

வெளியே வந்தால் கோபால் நிற்கிறார். "என்னப் பத்தி கம்ப்ளெய்ன்ட் குட்த்தியாமே?"

"உங்களப் பத்தி இல்லண்ணே, கேட்டப் பத்தி."

"நான் வேற, கேட்டு வேறயா? தொறந்து வுட்டா டாக்டரு யாரத் திட்டுவாரு? கேட்டயா திட்டுவாரு?"



தங்கை,
ரமீஸா

✦

ஷார்ஜா
5.4.2007

தங்கைக்கு ஸலாம். சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தை என் அறையில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். சாம்சனுக்கு என் ஸலாத்தைச் சொல்.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. ரம்ஜான் மாதத்தில் காலையில் வேலை பிரிக்கும்போதே சூப்பர்வைசர் "நோன்பு யார் யார்?" என்று கேட்பார். கை தூக்கினவர்களை வெயிலில் லாரி இறக்க அனுப்பமாட்டார். கேட்க அவருக்கும் கூச்சம் இல்லை, சொல்ல எங்களுக்கும் கூச்சம் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நினைவுக்கு வந்தது.

கூட்டத்துக்குப் போவதானால் போ.

அண்ணன்

✦

கும்மிடிப்பூண்டி
29.4.2007

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். இங்கே உடம்புக்குக் குறையில்லை. வெயில்தான் தாங்கவில்லை. அங்கே எப்படியோ.

நீங்கள் நோன்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும், இனி மறைக்கக் கூடாது என்று தோன்றியது. வாப்பா அன்று நோன்பு வைத்திருந்தார்கள். அன்று மட்டுமல்ல, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்தே வைத்திருந்தார்கள். நர்ஸுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று உம்மாவைக் கேட்டுக்கொண்டார்களாம். காலையில் வரும் இட்லியை உம்மா பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்திருக்கிறார்கள். கேட்டில் நின்று வேர்க்கிறது என்று கத்திய உம்மா, நோன்பு என்று மட்டும் சொல்லவில்லை. பக்ரீதுக்கு மறுநாள் என் மடியில் தலை வைத்து அழுதுதான் இதைச் சொன்னார்கள். உங்களுக்குத் தெரிந்தால் உம்மாவை என்ன சொல்வீர்களோ என்று நான் எழுதவில்லை.

நேற்று இரண்டாவது கூட்டம். "தட்டு காலியா இருந்துச்சி. நானே பாத்தேன். சாப்பிட்டாருன்னு நெனச்சித்தான் விட்டேன்" என்றார் பிரின்சி சிஸ்டர். அவர் பொய் சொல்லவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சொல்லிவிட்டேன்.

பிறகு குப்பம்மாள், "எங்கூட்டுக்காரரும் ஆடி மாசம் அம்மனுக்கு ஒருசந்தி இருந்தாரு. வார்டுலயேதான். மாத்திரைய மட்டும் முழுங்கிக்குனாரு" என்றார். சாம்சன், தவக்காலத்தில் தானும் அப்படித்தான் என்றும், மனைவி கிரேஸுக்கு மட்டும் தெரியும் என்றும் சொன்னார்.

பிரின்சி சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா? திட்டவா போறோம்?"

"திட்டுவீங்க" என்றார் குப்பம்மாள்.

எல்லோரும் சிரித்தோம், சிஸ்டரும்தான்.

நான் சொன்னது வாப்பாவுக்குத் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. உம்மாவைக் கோபிக்காதீர்கள், அண்ணே. உடனே ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை,
ரமீஸா

✦

கும்மிடிப்பூண்டி
10.6.2007

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று வாப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். வெள்ளிக்கிழமை போன் தவறாமல் வருகிறது. வாப்பா பேசி முடித்து என்னிடம் தரும்போது "போன் கார்டு தீந்துபோச்சி" என்கிறீர்கள். போஸ்ட்மேன் முனுசாமி தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்குப் போய்விடுகிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

கோபமா? கோபமென்றாலும் எழுதுங்கள்.

குழுவில் ஒரு காரியம் நகர்ந்திருக்கிறது. ஊசியும் மாத்திரையும் கொடுப்பதற்கு முன் நோன்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது என்று முடிவானது. எப்படிக் கேட்பது என்பதில்தான் ஒரு கூட்டம் முழுக்கப் போயிற்று. "சமயம் சார்ந்த உணவுக் கட்டுப்பாடு உண்டா" என்று மேனேஜர் எழுதி வந்தார். சாம்சன், "இத்த கேட்டா எங்கப்பாரு இல்லன்னுதான் சொல்வாரு. இன்னா கேட்டீங்கன்னே புரிஞ்சிருக்காது" என்றார். கடைசியில் குப்பம்மாள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்கள்: "நோன்பு, விரதம், ஒருசந்தி ஏதாச்சும் இருக்கீங்களா, இருக்கப் போறீங்களா? இருந்தா சொல்லுங்க, மருந்து நேரத்த மாத்திக்கலாம். திட்டமாட்டோம்."

திட்டமாட்டோம் என்பதை எடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். அதுதான் முக்கியம் என்று பிரின்சி சிஸ்டர் விடவில்லை. ஜூலையிலிருந்து பொது வார்டிலும் சர்க்கரைக்கு வருகிறவர்களிடமும் கேட்டுப் பார்ப்பார்கள். கேட் விஷயம் அப்படியே நிற்கிறது.

தங்கை

✦

கும்மிடிப்பூண்டி
15.7.2007

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். மூன்றாவது கடிதம் இது.

வாப்பாவின் கால் புண் மறுபடி திறந்துகொண்டது. ரம்ஜானுக்கு முன் சேர்த்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் வியாழக்கிழமை சொன்னார். அப்படியென்றால் இந்த ரம்ஜானும் அதே வார்டில்தான்.

அன்றே பிரின்சி சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். உம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

"வாப்பா, வர்ற ரம்ஜான்ல நோன்பு வைக்கப் போறீங்களா? வச்சா சொல்லுங்க, ஊசிய சாயங்காலத்துக்கு மாத்திக்கலாம். திட்டமாட்டோம்."

"இல்லம்மா. ஒடம்பு முடியல, இந்த வருஷம் வைக்கறதா இல்ல. நோயாளிக்குச் சலுக இருக்குதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு."

சிஸ்டருக்குச் சந்தோஷம். "அவ்ளோதான் வாப்பா, இத்த கேக்கத்தான் இவ்ளோ நாளா மீட்டிங் போட்டோம்" என்றார். உம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. வாப்பாவுக்கு இப்போது தண்ணீர் கேட்பதற்குக்கூட இரண்டு முறை நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் மட்டும் எங்கேயும் நிற்காமல் வந்தது, முன்பே சொல்லிப் பார்த்துக்கொண்டது போல. உம்மாவிடம் கேட்டேன், சத்தியமாக எனக்குத் தெரியாது என்கிறார்கள். இந்த முறை உம்மாவிடமும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். என் சந்தேகத்தைச் சிஸ்டரிடம் சொன்னேன். "நோயாளி இல்லன்னு சொல்றாரு, பொண்ணு சந்தேகம்னு சொல்ற. டாக்டரு எத்த வச்சி ஊசிய மாத்துவாரு?" என்றார். வைக்காதவருக்கு மாற்றினாலும் ஆபத்துதானாம்.

இனி யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

ரமீஸா

✦

ஷார்ஜா
30.7.2007

தங்கை ரமீஸாவுக்கு, ஸலாம்.

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உம்மாவிடம் எனக்குக் கோபம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

உங்கள் குழுவுக்கு ஒரு யோசனை. அந்தக் கேள்வியை ஊரில் இல்லாத பிள்ளைகளிடமும் கேட்கச் சொல். கூட இருப்பவர்களிடம் சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். தூரத்தில் இருப்பவனால் தடுக்க முடியாது, அதனால் அவனிடம் சொல்வார்கள். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொள்வார்கள். சத்தியம் கொடுத்தவன் உம்மாவிடம் சொல்ல முடியாது, தங்கையிடம் சொல்ல முடியாது. தகப்பனின் முகம் நினைவுக்கு வரும். ஆனால் மருந்து கொடுக்கிறவர்களே கூப்பிட்டுக் கேட்டால், அவர்களிடமும் மறைக்கலாம் என்று மார்க்கத்தில் இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே பள்ளிவாசலில் ஒருவரிடம் கேட்டேன். அவரும் அப்படித்தான் சொன்னார்.

பொதுவாகச் சொல்கிறேன்.

அண்ணன்,
அசன் முகைதீன்

✦

கும்மிடிப்பூண்டி
16.8.2007

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். உங்கள் கடிதம் வந்த அன்று முனுசாமியை உட்கார வைத்துச் சர்பத் கொடுத்தேன்.

நான் உங்களை எதுவும் கேட்கப் போவதில்லை. போன வருஷத்தைப் பற்றியும் இல்லை, இந்த வருஷத்தைப் பற்றியும் இல்லை. நான் கேட்டால் உங்களுக்குச் சங்கடம், நீங்கள் சொன்னால் எனக்குச் சங்கடம். வாப்பா முன்னால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வேன்? கேட்க வேண்டியவர்கள் கேட்பார்கள்.

யோசனையைக் கூட்டத்தில் சொன்னேன். வெளிநாட்டுக்கெல்லாம் ஆஸ்பத்திரி போனில் பேச முடியாது என்றார் மேனேஜர். சாம்சன் விடவில்லை. "பில்டிங்கு கட்ட நன்கொட கேக்க துபாய்க்கு போன் போவும், நோயாளிக்கு இன்னா ஏதுன்னு கேக்க மட்டும் போவாதா?" மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. பெரிய டாக்டர்தான், சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் செய்து பார்க்கலாம் என்று முடித்து வைத்தார். குப்பம்மாளுக்கு ஒரே குஷி. அவர் மகள் திருப்பதியில் இருக்கிறாளாம். "எங்கூட்டுக்காரரு இன்னா திருட்டுத்தனம் பண்ணாலும் அவளாண்டதான் சொல்லுவாரு. அவளுக்கும் போன் போடுங்க" என்றார்.

கேட்டைப் பற்றியும் ஓர் அசைவு. ரவுண்ட்ஸ் நேரத்தில் கட்டிலுக்கு ஒருவர் இருக்கலாமா என்பதை டிரஸ்டிகளின் கூட்டத்தில் வைப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பகலில் உங்களைக் கூப்பிட வேண்டிய எண்ணும், நீங்கள் தனியாக இருக்கும் நேரமும் வேண்டும் என்று பிரின்சி சிஸ்டர் கேட்கிறார். தருவதும் தராததும் உங்கள் விருப்பம்.

தங்கை,
ரமீஸா

✦

ஷார்ஜா
27.8.2007

தங்கைக்கு ஸலாம்.

பின்பக்கத்தில் எண் எழுதியிருக்கிறேன். எங்கள் நேரம் மதியம் ஒரு மணி, உங்களுக்கு இரண்டரை. சாப்பாட்டு இடைவேளை. கிடங்குக்குப் பின்னால் யாரும் வராத இடம் ஒன்று இருக்கிறது.

சிஸ்டருக்குத் தமிழ்தானே? நான் பேச்சை நிறுத்தினால், போனை வைத்துவிட வேண்டாம் என்று சொல்.

அண்ணன்

✦

கும்மிடிப்பூண்டி
7.9.2007

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. எண்ணைப் பிரின்சி சிஸ்டரிடம் நேரில் கொடுத்துவிட்டேன். போனை வைக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னார்.

வாப்பாவைத் திங்கட்கிழமை சேர்த்தோம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. கால் விரலை எடுக்க வேண்டி வரவில்லை என்று டாக்டரே வெளியே வந்து சொன்னார். அதே வார்டு, ஜன்னலோரக் கட்டில். உம்மா கூட இருக்கிறார்கள், காலை நாஷ்டா நன்றாக இறங்குகிறதாம். இது உம்மா சொன்னது. நான் ஒருநாள் மட்டும் நேரில் பார்த்தேன், சாப்பிட்டார்கள். ரம்ஜான் இன்னும் பிறக்கவில்லையே.

இன்று வெள்ளிக்கிழமை. வாப்பா ரிஜ்வானின் செல்லை வாங்கிக்கொண்டு, காலில் கட்டோடு வராந்தா பெஞ்சுக்கு நகர்ந்து போய் உங்களோடு பேசினார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் கோபாலும் நின்றிருந்தோம். ரவுண்ட்ஸ் நேரம். "டிரஸ்டிங்க இன்னா சொல்லப் போறாங்களோ" என்றார் கோபால். "தொறந்தா எனக்கும் நிம்மதிதாம்மா. அன்னிக்கி உங்கம்மா கத்தினது இன்னும் காதுலயே கீது."

வாப்பா உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருந்தது.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன்னே எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் இன்றைய நிலவரம் யாராவது எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். புதன்கிழமை, பன்னிரண்டாம் தேதி, நம் நேரம் இரண்டரைக்கு பிரின்சி சிஸ்டர் உங்களைக் கூப்பிடுவார். அன்று மாலையே டாக்டர் ரம்ஜான் மாதத்துக்கு ஊசி நேரத்தை எழுதுவார். வியாழன் மாலை பிறை தெரியலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். தெரிந்தால் வெள்ளி முதல் நோன்பு. டிரஸ்டிகள் இருபத்திரண்டாம் தேதி கூடுகிறார்கள்.

கட்டிலின் கால்மாட்டில் மருந்து அட்டை தொங்குகிறது. வியாழன் வரை எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணே.

ரமீஸா